70 கிலோ பெட்டியும் ஒரு பழைய ஆம்புலன்ஸும்: பெல்ஃபாஸ்டில் தொடங்கிய கதை

மாரடைப்பில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். இன்று இது பலருக்கும் தெரிந்த செய்தி. 1960-களின் தொடக்கத்தில் இதயநோய் மருத்துவர்களே இதைத் தங்கள் பிரச்சினையாக நினைக்கவில்லை. வார்டுக்கு வந்தவரைக் காப்பாற்றுவது அவர்கள் வேலை. வழியில் போனவர், வீட்டிலேயே போனவர் யாருடைய கணக்கிலும் வரமாட்டார். அந்தக் கணக்கை முதலில் கையில் எடுத்த ஊர் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட். 1966 ஜனவரி 1-ல் அங்கே ஒரு பழைய ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 70 கிலோ எடையுள்ள பெட்டி ஒன்று, ஆம்புலன்ஸ் எதற்காக இருக்கிறது என்ற எண்ணத்தையே மாற்றிவிட்டது. நோயாளியைச் சிகிச்சையிடம் கொண்டுபோகும் வண்டியாக இருந்தது, சிகிச்சையை நோயாளியிடம் கொண்டுபோகும் வண்டியானது.

அந்த ஊரில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் மூலமாக அங்குள்ள ஆம்புலன்ஸ் நிலையம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க முடிந்தது. காலையில் ஷிப்ட் மாறும் நேரம். டூட்டி முடித்தவர்கள் வண்டியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப, டூட்டிக்கு வந்த பாராமெடிக் (வண்டியிலேயே அவசரச் சிகிச்சை கொடுக்கப் பயிற்சி பெற்ற ஊழியர்) பெண் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது, சளி உறிஞ்சும் மோட்டார் சரியாக இழுக்கிறதா, மருந்துப் பையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தார். கடைசியாகச் சுவரில் மாட்டியிருந்த மானிட்டரை ஒரே கையால் கழற்றி ஸ்ட்ரெச்சர்மேல் வைத்தார். ஈசிஜி எடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் அந்தப் பெட்டிதான்; நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுப்பதும் அதுதான். நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் காலாவதித் தேதியைப் படித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். பெட்டி தனக்குள்ளேயே மின்சாரத்தை ஏற்றி இறக்கிச் சோதித்துக்கொண்டு, மளிகைக் கடை பில் போல ஒரு சீட்டை வெளியே தள்ளியது. அதைக் கிழித்துக் கோப்பில் வைத்தபடி, “இது எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் ஏறிய சாமான்” என்றார். அவர் பெருமைப்பட்டதில் முழு நியாயம் இருக்கிறது.

அந்தப் பெட்டியின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் வரலாறு புரியும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அடைப்பினால் தசை சாக நேரமாகும். ஆனால் அடைபட்ட சிறிது நேரத்திலேயே இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகிவிடக் கூடும். அப்போது இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் ஓடாது. சில நொடிகளில் நினைவு தப்பும். நாலைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். நெஞ்சின் வழியே ஒரு முறை மின்சாரத்தைப் பாய்ச்சி அந்தக் குழப்பத்தை நிறுத்தினால் இதயம் தன் பழைய தாளத்துக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இதில் மனதை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. இப்படி நடுங்கி நிற்கும் இதயம் பல சமயம் அதிகம் கெட்டுப்போகாத இதயம். மின்னோட்டம் சரியானால் அந்த மனிதர் இன்னும் இருபது ஆண்டு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தலாம்.

ஷாக் கொடுக்கும் வித்தை பெல்ஃபாஸ்டில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 1947-ல், அறுவை மேசையில் நெஞ்சைத் திறந்து வைத்திருந்த நிலையில் 14 வயதுப் பையன் ஒருவனின் இதயத்தை இப்படி மீட்டார். 1956-ல் பால் ஜோல் என்ற அமெரிக்க மருத்துவர், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே ஷாக் கொடுக்கலாம் என்று காட்டினார். 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, கையால் நெஞ்சை அழுத்தியே ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் தக்கவைக்கலாம் என்று எழுதியது. 1962-ல் பெர்னார்ட் லவுன் நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்தி இந்த முறையை மேலும் பாதுகாப்பானதாக்கினார். இவை எல்லாம் சேர்ந்து, மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து இரவு பகலாக ஈசிஜி பார்க்கும் தனி வார்டுகளை உருவாக்கின. இதயத் துடிப்பு கெட்ட உடனே ஓடிவந்து ஷாக் கொடுக்க முடிந்ததால் அந்த வார்டுகளில் சாவு நன்றாகவே குறைந்தது. உலகம் முழுவதும் மருத்துவமனைகள் அப்படி வார்டு கட்டத் தொடங்கின. பிரச்சினை தீர்ந்தது என்றே பலர் நம்பினார்கள்.

அதை நம்பாதவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ்.

சயாமிலிருந்து திரும்பிய டாக்டர்

பான்ட்ரிட்ஜ் 1916-ல் வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோ அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தது 1939-ல். அந்த ஆண்டே போர் மூண்டது. ராணுவ மருத்துவராகச் சேர்ந்து சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது கைதியானார். அந்தச் சண்டையில் காட்டிய துணிவுக்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது. பதக்கம் பெற்ற பிறகு வாழ்ந்த மூன்றரை ஆண்டுகள்தான் அவரை உருவாக்கின என்று எனக்குத் தோன்றுகிறது.

1943-ல் சிங்கப்பூரின் சாங்கி சிறையிலிருந்து ஏறக்குறைய 7,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற பெயரில் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல சாப்பாடு கிடைக்கும் இடம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். மழைக்காலத்தில், காட்டுக்குள், காலரா பரவிய முகாம்களில் அவர்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் ஓர் ஆண்டுக்குள் இறந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் பான்ட்ரிட்ஜ். பர்மா எல்லைக்குள் இருந்த தான்பாயா என்ற நோயாளி முகாமிலும் அவர் இருந்தார். அங்கே போனவர்கள் திரும்புவது அரிது என்ற பெயர் அந்த முகாமுக்கு உண்டு.

இந்த ரயில் பாதை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் அதே பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்களும் கைதிகளாக இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் புண்ணைக் கழுவவும், செத்தவர் பெயரை ஒளித்து எழுதி வைக்கவும் ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளிகளுக்கு அதுகூட இல்லை. நேச நாட்டுக் கைதிகளில் இறந்தவர்கள் சுமார் 12,000 பேர். அவர்களின் பெயர்கள் கல்லறைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. மருத்துவர் அருகில் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்தப் பாதை எண்ணிக்கையிலேயே காட்டிவிட்டது.

பான்ட்ரிட்ஜுக்கு முகாமில் பெரிபெரி வந்தது. தீட்டிய அரிசியை மட்டும் தின்று, தவிட்டில் இருக்கும் பி1 சத்து கிடைக்காமல் வரும் நோய் அது. அவருக்கு வந்தது இதயத்தைத் தாக்கும் வகை. கால்கள் வீங்கும், இதயம் பெருத்துத் தளரும், திடீரென்று நின்றும் போகும். 1945-ல் விடுதலையாகும்போது உடலின் மேற்பாதி எலும்பும் தோலுமாகவும் கீழ்ப்பாதி நீர் கோத்து வீங்கியும் இருந்தார். ஊர் திரும்பியதும் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அதே இதய பெரிபெரியைத்தான். பிறகு அமெரிக்காவின் மிச்சிகனில், ஈசிஜி துறையின் பெரிய பெயரான ஃபிராங்க் வில்சனிடம் படித்தார். 1950-களின் தொடக்கத்தில் பெல்ஃபாஸ்டின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் இதயநோய் மருத்துவரானார்.

சிறை அனுபவம்தான் ஆம்புலன்ஸைக் கண்டுபிடிக்க வைத்தது என்று நேராகக் கோடு போட்டுவிட முடியாது. ஆனால் மேலதிகாரிகள் ‘முடியாது’ என்று சொல்வதைப் பொருட்படுத்தாத ஒரு பிடிவாதம் அவரிடம் கடைசிவரை இருந்தது. நிர்வாகிகளோடு அவர் ஒத்துப்போனதே இல்லை. முகத்துக்கு நேராகப் பேசுவார். இந்தக் குணம் இல்லாத ஒருவர், அடுத்து வந்த எதிர்ப்பைத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.

கார் பேட்டரியில் ஓடிய பெட்டி

1960-களின் நடுவில் அவர் கண்ணில் பட்டது ஒரு புள்ளிவிவரம். இளவயது, நடுவயது ஆண்களில் மாரடைப்பால் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், அறிகுறி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிறார்கள். நோயாளிகளோ பல மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். முதலில் நெஞ்சுவலியை வாயு என்று நினைப்பது, பிறகு குடும்ப டாக்டரைக் கூப்பிடுவது, அவர் வந்து பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொல்வது, மருத்துவமனையில் அட்மிஷன் நடைமுறை என்று நேரம் போய்விடும். ஆக, அருமையாகக் கட்டப்பட்ட அந்த இதய வார்டுகள் ஆபத்தான நேரத்தை ஏற்கெனவே கடந்துவிட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் பயன்பட்டன.

பான்ட்ரிட்ஜும் அவரோடு வேலை பார்த்த இளம் மருத்துவர் ஜான் கெடிஸும் எடுத்த முடிவு எளிமையானது: வார்டை வண்டியில் ஏற்றி அனுப்புவது. டாக்டர் வண்டியில் ஏறுவது மட்டும் புதிதல்ல. 1881 டிசம்பர் 8-ல் வியன்னாவின் ரிங் தியேட்டர் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் கருகிப்போன மறுநாளே, யாரோமிர் முண்டி என்ற ராணுவ மருத்துவரும் அவர் நண்பர்களும் தொடங்கிய தன்னார்வ மீட்புச் சங்கம், மருத்துவரை வண்டியில் அனுப்பும் வழக்கத்தை ஐரோப்பிய நகரங்களுக்குப் பரப்பியிருந்தது. பெல்ஃபாஸ்டில் புதியது என்னவென்றால், இதயத்தை மறுபடி ஓடவைக்கும் கருவியே வீட்டு வாசலுக்குப் போனது.

ஷாக் கொடுக்கும் கருவிக்குப் பெயர் டிஃபிப்ரிலேட்டர். அன்று அது சுவர் பிளக்கில் செருகி ஓடும் கருவி. தெருவில் பிளக் கிடையாது. பெல்ஃபாஸ்ட் குழு இரண்டு 12 வோல்ட் கார் பேட்டரிகளை எடுத்தது. அவற்றின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற ஓர் இன்வெர்ட்டரை இணைத்தது. மின்வெட்டுக் காலத்தில் நம் வீட்டு மூலையில் ஓடும் இன்வெர்ட்டரின் வேலைதான் அது. ஆல்ஃபிரட் மாஹினி என்ற தொழில்நுட்பர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிக் கொடுத்தார். மொத்த எடை 70 கிலோ. படியேறித் தூக்க இரண்டு பேர் வேண்டும். இளம் டாக்டர் ஒருவரும் நர்ஸ் ஒருவரும் கூடவே போனார்கள். 1966 புத்தாண்டு நாளில் வண்டி ஓடத் தொடங்கியது.

முதல் 15 மாத அனுபவத்தை 1967 ஆகஸ்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் பான்ட்ரிட்ஜும் கெடிஸும் வெளியிட்டார்கள். மொத்தம் 312 நோயாளிகள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உண்மையிலேயே மாரடைப்பு. வழியில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதயம் நின்றுபோன 10 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் 5 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். 5 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். 1965-ல் அந்த ஐந்து பேருக்கும் போயிருக்கக்கூடிய ஆம்புலன்ஸ், அவர்களைச் சவக்கிடங்கில்தான் இறக்கியிருக்கும்.

சொந்த நாட்டில் எடுபடாத செய்தி

பிரிட்டிஷ் மருத்துவ உலகம் இதைக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. இது வீண் செலவு என்றார்கள். ஆடி ஓடும் வண்டியில் மாரடைப்பு நோயாளியை ஏற்றுவதே ஆபத்து என்றார்கள். மருத்துவமனை டாக்டரை ஊர் சுற்ற விடுவதா என்றார்கள். பிரிஸ்டல் பகுதியில் நடந்து 1971-ல் வெளியான ஆய்வு ஒன்று, மாரடைப்பு வந்தவரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதற்கும் மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் பான்ட்ரிட்ஜின் வாதத்தையே அது உடைக்கிறது. கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. ஆய்வில் சேரும் அளவுக்கு நேரம் கிடைத்தவர்கள் முதல் மணி நேரத்தைத் தாண்டிப் பிழைத்தவர்கள். பான்ட்ரிட்ஜ் பேசியது அந்த ஆய்வுக்குள் வரவே வாய்ப்பில்லாத மனிதர்களைப் பற்றி. எந்தக் கணக்கைப் படித்தாலும் அதற்குள் யார் இல்லை என்று கேட்க வேண்டும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊர் நிலைமையும் சாதகமாக இல்லை. 1969-லிருந்து வட அயர்லாந்தில் கலவரமும் குண்டுவெடிப்பும் அன்றாடமாயின. 1972-ல் மட்டும் 500-க்குச் சற்றுக் குறைவானவர்கள் கொல்லப்பட்டார்கள். ராயல் விக்டோரியா மருத்துவமனை நிற்பதே கலவரம் கடுமையாக இருந்த மேற்கு பெல்ஃபாஸ்டில். துப்பாக்கிக் காயமும் குண்டுக் காயமுமாக கேஷுவாலிட்டி நிரம்பி வழிந்த அந்த ஆண்டுகளிலும் இதய ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கத்தோலிக்கர் தெருவா புராட்டஸ்டன்ட் தெருவா என்று பார்க்காமல் போன வண்டிகளில் அதுவும் ஒன்று. பெல்ஃபாஸ்டுக்கு அந்தக் காலத்தில் உலகத்தில் கிடைத்த பெயர் வேறாக இருந்தாலும், மாரடைப்பு வர மிகப் பாதுகாப்பான ஊர் அதுதான் என்று இதய மருத்துவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

யோசனையைப் பிடித்துக்கொண்டது அமெரிக்கா. நியூயார்க்கின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் வில்லியம் கிரேஸ் 1968-லேயே பெல்ஃபாஸ்ட் பாணியில் டாக்டர் ஏறிய ஆம்புலன்ஸைத் தொடங்கினார். 1972-ல் முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் மாரடைப்பு வந்தபோது அவரைக் காப்பாற்றியது பான்ட்ரிட்ஜ் வழியைப் பின்பற்றி அங்கே ஏற்படுத்தப்பட்டிருந்த இதய ஆம்புலன்ஸ் சேவைதான்.

ஆனால் அமெரிக்கர்கள் செய்த பெரிய மாற்றம் வேறு. அவர்கள் டாக்டரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். எல்லா வண்டிக்கும் டாக்டர் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. மயாமி, சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களில் தீயணைப்பு வீரர்களுக்கு ஈசிஜி படிக்கவும் ஷாக் கொடுக்கவும் ஊசி போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். பிட்ஸ்பர்க் நகரின் கதை இன்னும் ஆழமானது. அங்கே நோயாளியைத் தூக்கிப் போனது போலீஸ் வண்டி. நாட்டின் பல ஊர்களில் சவ ஊர்தி நடத்துபவர்கள்தான் ஆம்புலன்ஸும் ஓட்டினார்கள். 1967-ல் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவைக்கு விதை ஊன்றப்பட்டது. அதற்குப் பயிற்சித் திட்டம் வகுத்தவர் பீட்டர் சாஃபர். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர், பிறந்தது வியன்னாவில். வேலை கிடைக்காமல் இருந்த இளைஞர்களைச் சேர்த்து சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். முதல் ஆண்டிலேயே 5,800-க்கும் மேற்பட்ட அழைப்புகளுக்கு அவர்கள் ஓடினார்கள். 1974-ல் அதன் மருத்துவ இயக்குநரான நான்சி கரோலைன், அவர்களோடு தெருவில் வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதிய பாடத்திட்டம்தான் அமெரிக்க பாராமெடிக் படிப்பின் அடித்தளம். அந்தச் சேவையை நகராட்சி 1975 அக்டோபரில் மூடிவிட்டுத் தானே ஒரு சேவையைத் தொடங்கியது. பழைய ஆட்களில் பலருக்கு அதில் இடம் இல்லாமல் போனது. நாட்டுக்கே பாடம் எழுத உதவியவர்கள் அப்படி வெளியேற்றப்பட்டது இன்றும் ஆறாத அநீதி.

பிரிட்டனில் இதே படியை ஏறியவர் டக்ளஸ் சேம்பர்லின். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டனில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு டிஃபிப்ரிலேட்டரைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். டாக்டர் அல்லாதவர் கையில் அந்தக் கருவியா என்று அவருக்கும் எதிர்ப்பு வந்தது. இங்கிலாந்தின் முன்வரிசை ஆம்புலன்ஸ்களில் எல்லாம் டிஃபிப்ரிலேட்டர் வைக்க பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தது 1990-ல். பெல்ஃபாஸ்டில் முதல் வண்டி ஓடி அதற்குள் 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. கருவியில் குறை இல்லை, பணத்தட்டுப்பாடு மட்டும் காரணமில்லை. ‘இது யார் செய்யும் வேலை’ என்ற பழக்கம்தான் கால் நூற்றாண்டைத் தின்றது.

கருவி மட்டும் வேகமாக மெலிந்தது. விண்வெளித் திட்டத்துக்காக உருவான சிறிய மின்தேக்கிகளைக் கொண்டு 1968-லேயே பான்ட்ரிட்ஜ் குழு எடையைச் சுமார் 3 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அடுத்து, இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து ஷாக் தேவையா என்று முடிவு செய்யும் தானியங்கிப் பெட்டிகள் வந்தன. ஷாக் தேவை இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் மின்சாரம் பாயாது. யாரும் தவறாகப் பயன்படுத்தி ஆளைக் கொன்றுவிட முடியாது. பான்ட்ரிட்ஜோடு வேலை செய்த பொறியாளர் ஜான் ஆண்டர்சனின் வழியில் வந்த பெல்ஃபாஸ்ட் நிறுவனமான ஹார்ட்சைன், அத்தகைய பெட்டிகளைத் தயாரித்து உலகம் முழுவதும் அனுப்பியது. தீயணைப்பான் தொங்கும் இடத்திலெல்லாம் டிஃபிப்ரிலேட்டரும் தொங்க வேண்டும் என்பது பான்ட்ரிட்ஜின் கட்சி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆம்புலன்ஸுக்குள் ஷாக் கொடுக்கும் கருவி ஒன்று இருந்தால் அதன் வம்சாவளி பெல்ஃபாஸ்டின் அந்த 70 கிலோ பெட்டியில்தான் போய் முடியும். பான்ட்ரிட்ஜ் 2004-ல் 88 வயதில் இறந்தார். லிஸ்பர்ன் நகர மன்றக் கட்டடத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு அவருக்கு நைட் பட்டம் கொடுக்கவே இல்லை.

இப்போது மாட்டிக்கொண்ட இடம்

வரலாறு இங்கே நின்றிருந்தால் நன்றாக இருக்கும். ஆம்புலன்ஸ் நிலையத்தில் பேசியவர்கள் பழம்பெருமையைவிட அதிகம் பேசியது வரிசையைப் பற்றி.

நகரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் மஞ்சள், பச்சைக் கட்டம் போட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்ததை நானே பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நோயாளி, கூடவே இரண்டு ஊழியர்கள். உள்ளே கட்டில் இல்லை, அதனால் நோயாளியை இறக்க முடியாது. வண்டியிலேயே சாப்பாடு, வண்டியிலேயே மருந்து, வண்டியிலேயே கழிப்பறைத் தேவை. உள்ளே கட்டில் இல்லாததற்குக் காரணம் அவசரப் பிரிவில் இல்லை. மேல்மாடி வார்டுகளில், சிகிச்சை முடிந்தும் வீட்டில் கவனிக்க ஆள் ஏற்பாடாகாத முதியவர்கள் படுத்திருக்கிறார்கள். அவர்கள் போனால்தான் கீழே இருப்பவர் மேலே போவார். கீழே இடம் வந்தால்தான் வண்டி காலியாகும். பிரிட்டன் முழுவதுமே இந்த நெருக்கடி இருக்கிறது. வட அயர்லாந்தில் அது கடுமையாகவே இருக்கிறது.

உயிருக்கு மிக ஆபத்தான அழைப்புகளுக்குச் சராசரியாக 8 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது வட அயர்லாந்து ஆம்புலன்ஸ் சேவையின் இலக்கு. வண்டிகள் வாசலில் மணிக்கணக்கில் நின்றால் அந்த இலக்கை எட்டுவது எப்படி? பான்ட்ரிட்ஜ் கணக்கில் எடுத்த அந்த முதல் மணி நேரம் இப்போது மறுபடியும் பறிபோகிறது. 1965-ல் மருத்துவமனை வெளியே போக மறுத்ததால் போனது. இப்போது வெளியே போன மருத்துவமனை வாசலிலேயே மாட்டிக்கொண்டதால் போகிறது. இன்னும் நூறு வண்டிகள் வாங்கினாலும் வரிசைதான் நீளும். தீர்வு முதியோர் பராமரிப்புக்கான நிதியிலும் ஆளிலும் இருக்கிறது. ஆம்புலன்ஸ் நிலையத்தில் இருப்பவர்கள் அதை நன்றாக அறிவார்கள். அவர்கள் கையில் அது இல்லை என்பதுதான் அவர்கள் கோபத்துக்குக் காரணம்.

அவர்கள் கையில் இருப்பதை அவர்கள் விடவில்லை. பிரிட்டனின் அவசர எண்ணான 999-க்கு வரும் அழைப்பை எடுப்பவர் போனை வைக்காமல், நெஞ்சை எப்படி அழுத்துவது என்று கூடவே சொல்லிக்கொண்டிருப்பார். அருகில் பதிவு செய்யப்பட்ட டிஃபிப்ரிலேட்டர் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பது அவர் திரையில் தெரியும். பெட்டி பூட்டியிருந்தால் திறக்கும் எண்ணையும் சொல்வார். நகரத்திலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களுக்கும் அதே நேரத்தில் செய்தி போகும். அவர்கள் விவசாயிகளாக, ஆசிரியர்களாக, கடைக்காரர்களாக இருப்பவர்கள். ஆம்புலன்ஸ் இன்னும் இருபது நிமிடத் தொலைவில் இருக்கும்போது, சொந்தக் காரில் டிஃபிப்ரிலேட்டரைப் போட்டுக்கொண்டு அவர்கள் முதலில் போய்ச் சேர்கிறார்கள்.